திருமலை நம்பிய கதை

மகள் சத்யப்பிரியா இறந்த செவ்வாய்க்கிழமை மதியம் திருமலை வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரகடம் சிப்காட்டில் ஒரு டயர் கோடவுனில் அவனுக்கு ராத்திரி செக்யூரிட்டி வேலை. பகலில்தான் தூக்கம். மனைவி காவேரி ஒரு கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் தேய்க்கப் போயிருந்தாள். ரெண்டே முக்கால் மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். சிலிண்டர் வந்திருந்தது.

கேஸ் கனெக்‌ஷன் மகள் சத்யாவின் போன் நம்பரில் பதிவாகியிருந்தது. சிலிண்டர் வரும் நாளில் அவள் போனுக்கு நாலு இலக்க எண் ஒன்று வரும். அதைச் சொன்னால்தான் இறக்குவார்கள். திருமலை தூக்கக் கலக்கத்தோடு மகளுக்குப் போன் போட்டான்.

“பாப்பா, கேஸ்காரரு வந்துகிறாரு. நம்பர் வந்துச்சா பாரு.”

“இப்பதாம்பா பஸ்ஸுலேர்ந்து எறங்கினேன். ரோட்டத் தாண்டிட்டுக் கூப்புடறேன்.”

“அவரு வண்டிய நடுவுல நிறுத்தினு கீறாரும்மா. பின்னாடி ஹாரன் அடிக்கிறான். சீக்கிரம் சொல்லு.”

“இருப்பா… ஆங், வந்துகீது. நாலு… ஏழு…”

அதற்குப் பிறகு போனில் வந்த சத்தத்தைத் திருமலை யாரிடமும் சொன்னதில்லை. “பாப்பா, பாப்பா” என்று கத்திவிட்டு மறுபடி மறுபடி நம்பரைப் போட்டான். கேஸ்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “நாளைக்கு வரேன் சார்” என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து, முகத்தைப் பார்க்காமல், “மாமா, வண்டில ஏறு” என்றார்கள்.

கன்டெய்னர் லாரி. இடம், வாலாஜாபாத் ரோட்டில் கம்பெனி பஸ் நிற்கும் நிறுத்தத்துக்கு எதிரே. சத்யாவுக்கு இருபத்திரண்டு வயது. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கத்தை கத்தையாகக் கட்டும் கம்பெனியில், லைனின் கடைசியில் நின்று பீஸைச் சரிபார்க்கும் வேலை செய்துவந்தாள். அவளோடு அதே பஸ்ஸில் இறங்கியவள் பிரவீனா. அதே லைனில் வேலை செய்பவள். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, இங்கே ஒரு லைன் வீட்டில் மூன்று பெண்களோடு தங்கியிருந்தாள். ரெண்டு எட்டு பின்னால் வந்துகொண்டிருந்ததால் அவள் தப்பித்தாள். துப்பட்டா முழுக்க ரத்தத்தோடு அவள்தான் சத்யாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில் எஸ்.ஐ. நரசிம்மன் தணிந்த குரலில்தான் விசாரித்தார். “கடைசிக் கால் உங்க நம்பர்லேர்ந்து வந்துருக்கு. இன்னா பேசினீங்க?”

“சாப்ட்டியான்னு கேட்டேன் சார். உடனே வெச்சிட்டேன்.”

எஸ்.ஐ. அவன் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. மகளைப் பறிகொடுத்தவனை இதற்கு மேல் கிளறுவானேன் என்று நினைத்திருக்கலாம்.

காவேரியிடமும் அவன் அதையே சொன்னான். அடக்கம் முடிந்த அன்றே சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம். அன்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவளிடம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று விட்டான். மறுநாள் அது இன்னும் கனத்துப்போயிருந்தது.

பத்து நாள் அவன் தூங்கவில்லை. கண்ணை மூடினால் ‘ரோட்டத் தாண்டிட்டுக் கூப்புடறேன்’ என்ற குரல் கேட்கும். தாண்டும்மா, தாண்டிட்டே கூப்புடு என்று இவன் பதில் சொல்வான். சத்தமாகவே சொல்லிவிட்டு, காவேரி விழித்துக்கொண்டாளா என்று திரும்பிப் பார்ப்பான்.

பதினோராவது நாள் டீக்கடையில் ரகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சத்யாவின் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருப்பவன்.

“அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காத. சத்யா போறதுக்கு முந்தின வாரம் மோகன் சார்கூட சண்ட போட்டுச்சே, வூட்ல சொல்லிச்சா?”

மோகன் அவர்கள் லைன் சூப்பர்வைசர். சத்யா சொல்லியிருந்தாள்தான். சாப்பிடும்போது, ‘ரிஜெக்ட் பண்ண பீஸ எல்லாம் திருப்பி பாஸ் போடச் சொல்றாருப்பா, டார்கெட்டாம்’ என்று முணுமுணுத்தாள். அதற்குப் பிறகு ரசம் ஊற்றச் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

“மேல எழுதிப் போடுவேன்னு சொல்லிச்சாம்ண்ணே,” என்றான் ரகு. “ஒரு வாரத்துல இப்பிடி ஆயிடுச்சு. எனக்கு இன்னாமோ மாதிரி கீது.”

திருமலை வீட்டுக்குப் போய் பாயில் சாய்ந்தான். மகள் செத்த பிறகு முதல்முறையாக நாலு மணி நேரம் அசந்து தூங்கினான்.

எழுந்தபோது தலை தெளிந்திருந்தது. ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தான். விபத்து நடந்து ரெண்டு மணி நேரத்துக்குள் கம்பெனி ஆட்கள் மாலையோடு வந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது? வந்தவர்கள் ஐடி கார்டை வாங்கிக்கொண்டு போனார்களே, எதற்கு? கூட்ரோட்டில் இருக்கும் கேமரா அன்றைக்கென்று ஓடவில்லை என்கிறது போலீஸ். ஓடிப்போன லாரி டிரைவர் ரெண்டு நாளில் பிடிபட்டு, ஒரே வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது. பஸ்ஸில் இருந்த நாற்பது பெண்களும் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார்கள். வேலையை விட்டு நின்றாலும் செத்தாலும் ஐடி கார்டை வாங்குவது வழக்கம். கேமராவின் வயர், கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியபோது நாலு மாதம் முன்பே அறுந்துபோனது. விபத்து வழக்கில் ஜாமீன் எல்லோருக்கும் கிடைப்பதுதான். இந்தப் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ரகு கொடுத்த கதையில் எல்லாம் ஒட்டிக்கொண்டன.

அவன் ஒன்றும் எதையும் நம்பிவிடுகிற ஆள் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவன். சிப்காட் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், மாமன் முறையான முனிரத்தினம் வீட்டுக்கு வந்து, “ஒன் நெலத்து மேல ரோடு வரப்போவுது மாப்ள. சர்க்கார் எடுத்துக்கினா ஒண்ணும் தேறாது, இப்பவே வித்துடு” என்றார். டீக்கடையில் நாலு பேர் அதையே சொன்னார்கள். திருமலை விற்றான். ரோடு வரவில்லை. அந்த நிலத்தில் இன்றைக்கு ஒரு கம்பெனியின் பார்க்கிங் இருக்கிறது. அந்த நாலு பேரும் முனிரத்தினமும் முன்னமே கூடிப் பேசி வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள் என்பது மூன்று வருடம் கழித்துத் தெரிந்தது. அன்று ஊரே ஒன்றும் தெரியாத முகத்தோடு இருந்ததைத் திருமலை மறக்கவில்லை. கூடிப் பேசிக் கெடுப்பார்கள், கேட்டால் சிரிப்பார்கள். இது அவன் எங்கேயும் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. அவனுக்கே நடந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிரவீனா வந்தாள். சாமான் கழுவினாள், காவேரிக்குத் தலைவாரிவிட்டாள். கிளம்பும்போது வாசலில் திருமலை தனியாக நின்றிருந்தான். பக்கத்தில் வந்து தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“அப்பா, நான் யாராண்டயும் சொல்லலப்பா. சொல்லவும் மாட்டேன். நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.”

அவள் ரெண்டு எட்டு பின்னால்தான் வந்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் உலகத்தில் இதைத் தெரிந்த இன்னொரு உயிர் இருக்கிறது என்பது அன்றுதான் அவனுக்கு உறைத்தது. “சரி, போ” என்று மட்டும் சொன்னான். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் ரகு ஒருவனைக் கூட்டிவந்தான். பெயர் அறிவுமதி. ஸ்ரீபெரும்புதூரில் ‘சிப்காட் எக்ஸ்ரே’ என்று யூடியூப் சேனல் நடத்துபவன். முப்பது வயதிருக்கும். நன்றாகப் பேசுவான், நன்றாகக் கேட்பான். திருமலை சொல்லச் சொல்ல அவன் கண் கலங்கியது. அது நடிப்பில்லை. அவனுடைய அண்ணனும் ஏதோ கம்பெனி பிரஸ்ஸில் கை நசுங்கி, கொஞ்சம் பணத்தைக் கொடுத்துப் பேசி முடிக்கப்பட்டவன்தான்.

முதல் வீடியோ பதினோரு நிமிஷம். ‘கேள்வி கேட்ட பெண்ணுக்கு லாரி பதில்’ என்று தலைப்பு. அறிவுமதி எதையும் அடித்துச் சொல்லவில்லை. கேள்வியாகவே கேட்டான். கேமரா ஏன் ஓடவில்லை? ஐடி கார்டு ஏன் வாங்கப்பட்டது? சூப்பர்வைசரோடு என்ன தகராறு? ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் சத்யாவின் போட்டோ வந்தது. கோயில் திருவிழாவில் மஞ்சள் தாவணியில் எடுத்தது. ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

அதன் பிறகு திருமலையின் நாட்கள் மாறின. ரோட்டில் போனால் முன்பின் தெரியாத பையன்கள் வண்டியை நிறுத்தி, “அண்ணே, வுடாதீங்க, நாங்க கீறோம்” என்றார்கள். கோடவுனில் அதிகாரம் செய்துவந்த மேனேஜர், “உட்காருங்க திருமலை” என்று நாற்காலி காட்டினார். மணிமங்கலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து சத்யா படத்துக்கு மாலை போட்டு, “தங்கச்சி உண்மைக்காக உயிரக் குடுத்துச்சு” என்றது. அதைக் கேட்டுத் திருமலை குலுங்கிக் குலுங்கி அழுதான். உண்மைக்காகச் செத்த மகள். ஒரு சிலிண்டருக்காகச் செத்தவளின் நினைப்போடு எப்படி வாழ்வது? இவளின் நினைப்போடு வாழலாம்.

நடந்தது அவனுக்கு மறந்துபோகவில்லை. அதை நினைக்காமலிருக்கப் பழகிக்கொண்டான். போலீஸ் காட்டிய கால் விவரத்தில் அவன் பேசிய நேரத்தைத் திருத்தியிருக்கலாம் என்று அறிவுமதி ஒருநாள் சொன்னபோது, “இருக்கலாம்” என்றான். ஒரு மாதம் போனதும், திருத்தத்தான் செய்திருக்கிறார்கள் என்று அவனே பிறருக்குச் சொல்ல ஆரம்பித்தான். சொல்லும்போது குரலில் தடுமாற்றமே இருக்கவில்லை.

இதற்கு நடுவே பிரவீனாவுக்கு லைன் லீடர் பதவி கிடைத்தது. நாலு வருட சர்வீஸ், அவளுக்கு வரவேண்டிய முறைதான். ஆனால் அறிவுமதிக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

“அண்ணே, கூட வந்த பொண்ணு மேல ஒரு கீறல்கூட இல்ல. இப்ப புரமோஷன் வேற. அந்தப் பொண்ணு உங்ககிட்ட எதாவது பேசிச்சா?”

“காரியத்துக்கு வந்துச்சு.”

“இன்னா சொல்லிச்சு?”

திருமலை டீ கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தான். “‘நான் யாராண்டயும் சொல்லல’ன்னு சொல்லிச்சு.”

அறிவுமதி நிமிர்ந்து உட்கார்ந்தான். “எத்த சொல்லலன்னு சொல்லிச்சு?”

எதைச் சொல்லவில்லை என்று திருமலைக்குத் தெரியும். அந்த இடத்தில் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். “தெரியலப்பா” என்றுகூட அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். மகளை நினைத்து நொறுங்கிப்போய்விட்டார் என்று அறிவுமதி நினைத்துக்கொண்டான்.

ரெண்டாவது வீடியோவில் பிரவீனாவின் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். ‘தோழி மறைக்கும் ரகசியம் என்ன?’

பிரவீனாவுக்குக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. கேன்டீனில் அவள் தட்டோடு உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்தார்கள். தை மாதம் வைத்திருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் “கொஞ்சம் பொறுப்போம்” என்று தள்ளி, அப்புறம் போனையே எடுக்காமல் விட்டார்கள். லைன் வீட்டுக்காரி செல்லம்மாள், “இன்னாத்துக்கு வம்பு, மாசக் கடைசில காலி பண்ணிடும்மா” என்றாள். ஒரு சொல் சொன்னால் பிரவீனா தப்பித்திருப்பாள். ‘அவ அவங்க அப்பாகூடத்தான் பேசினு வந்தா’ என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. பேசாமல் இருந்ததே அவள் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

காவேரிக்கு முதலிலெல்லாம் இந்தக் கதையில் ஒட்டுதல் இல்லை. “அவ பூட்டா. யாரு தள்ளினா இன்னா, வருவாளா?” என்பாள். ஆனால் தினமும் காதில் விழுவது மனசுக்குள் இறங்காமல் போகுமா? தலைவாரிவிட்ட அந்தப் பெண்ணின் கையை நினைத்து அவளுக்கே இப்போது கூசியது.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பிரவீனா மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறாள், தப்பி ஓடப் பார்க்கிறாள் என்று வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி பரவியது. காலை பத்து மணிக்குள் லைன் வீட்டு வாசலில் அறுபது, எழுபது பேர் கூடிவிட்டார்கள். பாதிக்கு மேல் பெண்கள். காவேரியையும் ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தார்கள். பெற்றவள் கேட்டால் சொல்வாள் என்று கணக்கு.

காவேரி கேட்டாள். “சொல்லும்மா. எம்பொண்ண இன்னா பண்ணாங்க?”

பிரவீனா அவளைப் பார்த்தாள். “ஒண்ணும் இல்லம்மா. ஆக்சிடென்ட்டுதாம்மா.”

யாரோ பின்னாலிருந்து கூந்தலைப் பிடித்து இழுத்தார்கள். அதன் பிறகு யார் அடித்தார்கள், எத்தனை அடி என்று கணக்கில்லை. செருப்பு, கை, ஒரு சில்வர் குடம். “சொல்லுடி, எவ்ளோ வாங்கின, சொல்லுடி” என்று ஒரே சத்தம். பலபேர் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரவீனா வாசற்படியில் விழுந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் வந்தது. காவேரி அவள்மேல் குப்புற விழுந்து மறைத்தாள். கேள்வி கேட்டவளே மேலே கிடந்ததால் அடி நின்றது.

அந்தக் கூச்சலுக்கு நடுவில், காவேரியின் காதோடு, மூச்சு வாங்கிக்கொண்டு பிரவீனா சொன்னாள்.

“அம்மா… அவ அவங்க அப்பாகூடத்தாம்மா பேசினு இருந்தா. சிலிண்டர் நம்பர் சொல்லினு வந்தா. போனப் பாத்துகினே கால வெச்சிட்டாம்மா. அப்பா தாங்க மாட்டாருன்னுதான்…”

காவேரிக்கு அன்றைய நாள் முழுதாகத் திரும்பி வந்தது. அந்த மாசம் சிலிண்டர் வராததும், சாவு வீட்டில் சமைக்கப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கியதும். நம்பர் சத்யா போனுக்கு வரும் என்பது வீட்டு ஆட்களைத் தவிர யாருக்கும் தெரியாது. பொய்யாக இட்டுக்கட்ட முடியாத சின்ன விஷயம் அது.

பிரவீனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். திருமலை யூனிபார்ம் போட்டுக்கொண்டிருந்தான். காலையில் நடந்ததன் வீடியோ அவன் போனுக்கும் வந்திருந்தது.

“அந்தப் பொண்ணு சொல்லிட்டா,” என்றாள் காவேரி.

“இன்னா சொன்னா?”

“சிலிண்டர்.”

அவன் சட்டைப் பொத்தானை விட்டுவிட்டான். “கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்துருப்பான். அவனுங்களுக்கு எல்லாம் தெரியும். போன்லாம் ஒட்டுக் கேப்பானுங்க.”

“நம்ம வூட்ல கேஸ் தீந்துபோனது கம்பெனிக்காரனுக்குத் தெரியுமா?”

“கேமரா ஏன்டி ஓடல? அதுக்குப் பதில் சொல்லு.”

இருபத்தைந்து வருடமாக ‘நீங்க’ என்றே பேசிவந்த காவேரி அன்று மாறினாள். “நீ காவ காக்கிற கோடவுன்ல எத்தினி கேமராய்யா ஓடுது?”

எட்டில் மூன்று ஓடாது. ‘வேலை செய்யவில்லை’ என்று தினமும் ரெஜிஸ்டரில் எழுதுகிறவனே அவன்தான். திருமலை சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

“ரோட்டத் தாண்டிட்டுக் கூப்புடறேன்னா,” என்றான் கடைசியில். “நான்தான் சீக்கிரம் சொல்லுன்னேன். நாலு, ஏழுன்னா. அவ்ளோதான். மீதி ரெண்டு நம்பர் இன்னான்னு எனக்குத் தெரியாது காவேரி.”

அவள் அழவில்லை. அவனைத் தொடவும் இல்லை. “என்னாண்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் அழுதிருப்போம்” என்றாள். “யாரு வூட்டுப் பொண்ணோ, ஒனக்காவ வாய மூடினு அடி வாங்கிச்சு. அத்த வுட்டுட்டு வேடிக்க பாத்த பாரு, அதுதான்யா எனக்கு ஆறல.”

மறுநாள் திருமலை அறிவுமதியின் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். வீடியோக்களை எடுத்துவிடச் சொன்னான். அறிவுமதி கதவைச் சாத்தினான்.

“யாருண்ணே மெரட்டினாங்க? பயப்படாம சொல்லுங்க.”

“யாரும் மெரட்டலப்பா. நான்தான் போன் பண்ணேன்.”

“போன் பண்ணீங்க, சரி. லாரி ஏன் கரெக்டா அப்ப வரணும்?”

அறிவுமதி விடாப்பிடியாகக் கேட்டான். பணத்துக்காகக் கேட்கவில்லை. அவன் உண்மையாகவே நம்பினான். இந்தக் கதை பொய்யென்றால் அண்ணன் கை போன கதையும் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. அந்த வாரம் மூன்றாவது வீடியோ வந்தது. ‘தந்தையின் வாயை அடைத்தது யார்?’

முன்பு வண்டியை நிறுத்தியவர்கள் இப்போதும் நிறுத்தினார்கள். “எவ்ளோண்ணே குடுத்தான் கம்பெனிக்காரன்?” என்றார்கள். ஒருவன் துப்பினான். ஒன்றுமில்லை என்று அவன் சொல்லச் சொல்ல, நிறைய வாங்கியிருக்கிறான் என்றுதான் பேச்சு வளர்ந்தது. ரகு பார்த்தும் பார்க்காததுபோல் போனான். ரிஜெக்ட் பீஸை பாஸ் போட்ட விஷயத்தை இதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மோகன் வேறு பிளாண்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். சத்யா சொன்னது உண்மையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அவள் நிஜமாகவே கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

பிரவீனா கொடுத்த அடிதடி புகாரில் காவேரி சாட்சி சொன்னாள். அடித்தவர்களில் தனக்குத் தெரிந்த ஆறு பேரின் பெயரைச் சொன்னாள். அதில் ரெண்டு பேர் அவள் தெருக்காரிகள். திருமலை தனியாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான். எஸ்.ஐ. நரசிம்மன் அதைப் படித்துவிட்டு, முறைப்படி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார். “இத யாரு வற்புறுத்தலும் இல்லாம எழுதிக் குடுக்கறீங்களா?”

“ஆமா சார்.”

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே,” என்றார். கோபமில்லை, களைப்புதான். கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் காட்டினார்.

சித்திரையில் திருமலையும் காவேரியும் தெள்ளாறு தாண்டி இருக்கும் பிரவீனாவின் ஊருக்குப் போனார்கள். அவள் அம்மா லூர்தம்மாள் வாசலிலேயே நிறுத்திவைத்தாள். உள்ளே தையல் மிஷின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பிரவீனா வெளியே வந்தாள். இடது பக்கம் நின்று பேசினால் கேட்கவில்லை என்று முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள்.

“என்னய மன்னிச்சிடும்மா,” என்றான் திருமலை.

“நான் பாவம்னு பாத்தேம்பா. அங்கயே, ரோட்லயே சொல்லியிருக்கணும். அவ அவங்க அப்பாகூடப் பேசினு வந்தான்னு எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தா நீங்க ரெண்டு நாள் என்னயத் திட்டியிருப்பீங்க. அவ்ளோதான?” என்றாள். பிறகு, “பொண்ணு பாக்க வரவங்க போன்ல எம்பேரப் போட்டுப் பாக்கறாங்க. அந்த வட்டம் போட்ட படம்தான் வருது. அத்த எடுக்க முடியுமா உங்களால?”

முடியவில்லை என்று அவன் சொன்னான். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். மறுபடி மிஷின் சத்தம் கேட்டது. காவேரி கொண்டுவந்த பழப்பையை லூர்தம்மாள் வாங்கவில்லை.

ஊர் திரும்பிய வாரத்தில் திருமலை போனைச் செங்கல்மேல் சாய்த்து வைத்து, தானே ஒரு வீடியோ எடுத்து யூடியூபில் போட்டான். நாலு நிமிஷம். தான் போன் செய்ததையும், அவசரப்படுத்தியதையும், அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள் என்பதையும் திக்கித் திக்கிச் சொன்னான். அறுநூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே எழுதியவர்களில் பலபேர், போனுக்குப் பின்னால் யாரோ நின்று எழுதிக் காட்டுகிறார்கள், கண்ணைப் பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவன் பார்த்தது காவேரியை. எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள்.

அறிவுமதியின் முதல் வீடியோவை எட்டு லட்சம் பேர் பார்த்தாயிற்று. அதில் ஒரு பங்கு திருமலையே. இன்றைக்கும் சில நாள் கோடவுன் கேட்டில் டயர் லாரி எல்லாம் போன பிறகு அவன் அதைத் திறந்து பார்க்கிறான். பொய் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. ஆனாலும் கேமரா ஏன் ஓடவில்லை என்று அந்தக் குரல் கேட்கும்போது மார்பில் அழுத்தும் கல் நகர்ந்து கொடுக்கிறது. பதினோரு நிமிஷத்துக்கு அவன் மகளை வேறு யாரோ கொன்றிருக்கிறார்கள்.

காவேரிக்கு இது தெரியும். ஒருநாள் சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தபோது பார்த்துவிட்டாள். போனைப் பிடுங்கவில்லை. பக்கத்தில் நின்று முடியும்வரை அவளும் பார்த்தாள்.

“நல்லாத்தான் சொல்றான்,” என்றாள். டப்பாவை வைத்துவிட்டு நடந்து போனாள்.